விட்டுப் படித்த வரி

அக்காவுக்கு நான் முதன்முதலில் படித்துக் காட்டியது ஒரு சாப்பாட்டு பில். 2002, ஆடி மாதம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் எம்.ஏ. தமிழ் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர், பக்கத்தில் யாரோ வந்து நின்றதை உணர்ந்து ஒரு தாளை நீட்டினார். திருவல்லிக்கேணியில் அவர் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் பில் அது.

"இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிங்க."

மொத்தத் தொகையைச் சொன்னேன்.

"மொத்தத்தைக் கேக்கலை. மேலேருந்து கீழ வரைக்கும் படிங்க."

படித்தேன். ஊருக்குப் போயிருந்த இரண்டு நாள் சாப்பாடு கழிக்கப்படவில்லை. அடியில் பொடி எழுத்தில் ஏதோ அச்சாகியிருந்தது. அதைப் படிக்காமல் தாளைத் திருப்பித் தரப் போனேன். "அவ்வளவுதானா? அடியில ஒண்ணும் இல்லையா?" என்றார். இருந்தது. சாப்பிடாத நாள்களை ஐந்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுத்தால்தான் கழிவு உண்டு என்ற குறிப்பு. அன்றைக்குத் தேதி நான்கு.

"எல்லாத்தையும் படிச்சிருங்க தம்பி. எது வேணும், எது வேண்டாம்னு நான் பாத்துக்கிடுதேன்."

அவருக்கு அப்போது 27 வயது. எம்.பில். மாணவி. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். நாலு வயதில் மணல்வாரி போட்டதில் இரண்டு கண்ணும் போய்விட்டன. பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அன்று தொடங்கி நான் அவருடைய 'ரீடர்' ஆனேன். பார்வையற்ற மாணவர்களிடையே அதுதான் சொல். பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் ஸ்கிரைப், படித்துக் காட்டுகிறவர் ரீடர்.

வேலை கேசட்டில் நடந்தது. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். நெருக்கமாக அச்சடித்த ஆய்வு நூலில் ஒரு பக்கத்தைப் படிக்க மூன்று நிமிடமாவது வேண்டும். கேசட் ஒன்றுக்கு முப்பது பக்கம். முந்நூறு பக்க நூலுக்குப் பத்துக் கேசட். கடற்காற்று மைக்கில் புகுந்து இரைவதால் ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்க்க வேர்க்கப் படிப்பேன். பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் பக்கத்தைத் தொடங்க வேண்டும். பத்தி முடிந்தால் 'பத்தி' என்று சொல்ல வேண்டும். ஆள் பெயரில் எந்த லகரம், எந்த னகரம் என்று சொல்ல வேண்டும். தொண்டை கட்டினால் நிறுத்திவிடலாம். ஆனால் நிறுத்திய இடத்தைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

கேசட் உறைகளுக்குப் பெயர்ச்சீட்டு அவரே செய்வார். பழைய மாதக் காலண்டர் தாளைத் துண்டாகக் கிழித்து, இரும்புச் சிலேட்டின் இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார். உள்ளங்கையில் அடங்கும் மரப்பிடி போட்ட ஊசியால் ஒவ்வொரு கட்டத்திலும் குத்திக்கொண்டே போவார். வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். புள்ளிகள் தாளின் மறுபுறத்தில்தானே புடைத்து எழும்? தாளைத் திருப்பினால் அவை இடமிருந்து வலமாக வரும். எழுதும்போது ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம், படிக்கும்போது அதன் கண்ணாடி வடிவம். இரண்டையும் அந்த விரல்கள் குழப்பிக்கொண்டு நான் பார்த்ததில்லை. மார்கழித் தாளில் பெருமாள் படம் இருந்தால், குத்துவதற்கு முன் என்ன படம் என்று கேட்டுக்கொள்வார். சாமி முகத்தில் குத்த மாட்டார்.

ஒருநாள் ஆங்கில இதழ் ஒன்றில் டி.வி. ராமனைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்துக் காட்டினேன். புனேயில் பிறந்து, 14 வயதில் பார்வையை இழந்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் கணினி படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்துக்காக அவர் எழுதிய 'ஆஸ்டர்' என்ற மென்பொருள் கணிதச் சமன்பாடுகளை வாய்விட்டுப் படிக்கும். ஓர் எண்ணின் தலைமேல் அடுக்கு வந்தால் குரலின் சுருதி உயரும். கண் தாளில் காணும் மேல் கீழைக் காது சுருதியில் கேட்கும். இந்த இடத்தை அக்கா மூன்று முறை படிக்கச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கும் புதுச் சட்டம்: மேற்கோளைச் சற்று ஏற்றிப் படி, அடிக்குறிப்பை இறக்கிப் படி. இருபது நாளில் பழகிவிட்டது. இன்றும் தனியாகப் படிக்கும்போதுகூட அடிக்குறிப்பு வந்தால் என் மனக்குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

2003 தைப் பொங்கல் கழிந்து அவருக்கு ஊரிலிருந்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. அண்ணன் எழுதியது. மழை, பருத்தி, கிழட்டு மாட்டை விற்றது என்று போய்க்கொண்டிருந்த கடிதத்தில், மூன்றாவது மடிப்பில் ஒரு வரி: 'இவளுக்கு இனிமேல் படிப்பு எதற்கு, யாருக்கு ஆகப்போகிறது என்று அப்பா சொல்கிறார்.' படித்துக்கொண்டே வந்த வேகத்தில் என் கண் அந்த வரியை முன்னதாகவே பார்த்துவிட்டது. எனக்கு 21 வயது. அந்த வரியை என் வாயால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். நல்லது செய்ததாகத்தான் அன்று இரவு முழுக்க நினைத்தேன். அக்கா கடிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சரி தம்பி" என்றார்.

அந்த வருஷம்தான் அவர் கணினிப் பயிற்சிக்குப் போனார். ஜாஸ் என்ற திரைவாசிப்பான் அப்போது பேர்பெற்றது. அதன் விலை ஒரு கணினியின் விலையை எட்டிப் பிடிக்கும். பயிற்சி நிலையத்துக்குப் போய்த்தான் பழக முடியும். விசைப்பலகையில் விரல் பட்டதும் அமெரிக்க ஆண்குரல் ஒன்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும். ஆறே மாதத்தில் ஆங்கிலக் கட்டுரைகள் அவர் கைக்கு வந்துவிட்டன. தமிழ் மாணவிக்குத் தமிழ் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது எனக்கு ஒரு கோப்பின் வழியாகப் புரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் நாட்டார் பாடல்கள் பற்றிய கட்டுரையைக் கணினிக் கோப்பாகவே அனுப்பியிருந்தார். அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கேசட் வேண்டாம், நான் வேண்டாம், அவரே படித்துவிடலாம். பயிற்சி நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோப்பு திறந்தது. என் கண்ணுக்குத் தெளிவான தமிழ். ஒரு தாலாட்டைப் பற்றிய பத்தி, 'அம்மா' என்று தொடங்குகிறது. அக்கா அம்புக்குறியை அழுத்தினார். எந்திரம் சொன்னது: "எம். கே. செமிகோலன். கே. எச்."

இன்னொரு முறை அழுத்தினார். எம், கே, செமிகோலன், கே, எச்.

அது பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. அந்த எழுத்துருவில் ஆங்கில எம்மின் இருக்கையில் 'அ' உட்கார்ந்திருக்கும். கே இருந்த இடத்தில் 'ம'. அரைப்புள்ளி இருந்த இடத்தில் மேற்புள்ளி. எச் இருந்த இடத்தில் கால். பார்ப்பவருக்குத் தமிழ், எந்திரத்துக்கு ஆங்கிலக் குப்பை. தமிழ் எழுத்துகளின் படத்தை ஆங்கில எண்களின் மேல் ஒட்டிவைத்துவிட்டு அதைத் தமிழ்க் கணினி என்று நாம் கொண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. ஒட்டுவதிலும் ஒற்றுமை இல்லை. அச்சகத்துக்கு ஒரு முறை, பத்திரிகைக்கு ஒரு முறை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று தரங்கள் வந்தும் பழைய பழக்கம் போகவில்லை. அன்றைக்கு அக்கா கோபப்படவில்லை, அழவும் இல்லை. "அப்போ கண்ணுக்கு மட்டும்தான் தமிழ் எழுதிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். பேருந்தில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

யூனிகோடு என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவரிடமிருந்துதான். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு தனி எண் என்பதை அவர் விளக்கிய விதம் எனக்கு மறக்காது. "பிரெயில்ல 'கெ' எப்படி எழுதுவோம் தெரியுமா? முதல்ல 'க', அதுக்கப்புறம் 'எ'. எங்களுக்குக் கொம்பே கிடையாது. நீங்கதான் கொம்பை முன்னால போட்டுட்டுக் 'க'வைப் பின்னால எழுதுதீங்க. வாய் சொல்லுற வரிசை ஒண்ணு, கை எழுதுற வரிசை ஒண்ணு. யூனிகோடு எங்க கட்சி. 'க' முதல்ல, கொம்பு பின்னால." இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. எழுத்தை ஒலிக்கும் வரிசையிலேயே அடுக்கும் வழக்கம் அதில் அப்போதே இருக்கிறது. பல பத்தாண்டுகள் கழித்துக் கணினிக்காரர்கள் வந்து சேர்ந்த இடத்தில் பாளையங்கோட்டைப் பள்ளிக் குழந்தைகள் ஏற்கெனவே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதை எந்தத் தமிழ்க் கணினி நூலிலும் நான் படித்ததில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும்.

பிறகு நான் படிப்பை முடித்து ஒரு வார இதழில் பிழைதிருத்தும் வேலைக்குப் போனேன். அக்கா ஆசிரியர் வேலை கிடைத்து, பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்தார். சனி ஞாயிறில் கேசட் தொடர்ந்தது.

2009 கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலை நான்கரை மணிக்குப் போன் அடித்தது. எடுத்தால் அக்கா பேசவில்லை. தகரத்தில் கல்லைத் தேய்த்த மாதிரி ஒரு குரல், கடகடவென்று எதையோ சொல்லிக்கொண்டு போனது. நாலைந்து நொடி கழித்துத்தான் அது தமிழ் என்று பிடிபட்டது. புறநானூறு.

"ராத்திரி ரெண்டு மணிலேருந்து படிக்கேன்" என்றார் அக்கா. "நானா படிக்கேன்."

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கி, இன்னொரு பார்வையற்றவரான ஜேம்ஸ் டே கைகோத்து வளர்த்த திரைவாசிப்பான் என்.வி.டி.ஏ. காசு கிடையாது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். அதற்குள் இருந்த ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறியில் தமிழும் இருந்தது. படிக்கக் கிடைத்ததோ, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் இருக்கும் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து யூனிகோடில் ஏற்றிவைத்திருந்த நூல்கள். யாருக்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் யார் யாரோ செய்து வைத்தவை எல்லாம் அந்த ராத்திரி சைதாப்பேட்டையில் ஓர் ஒற்றை அறையில் வந்து சேர்ந்தன. தமிழ் படித்துப் பட்டம் வாங்கி, தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் ஒருவர், தமிழ் நூல் ஒன்றைத் தானாகத் திறந்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, பிடித்ததை மறுபடி படித்தது 34ஆம் வயதில். பிரெயிலில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான்.

குரல் கொடூரமாக இருக்கிறதே என்றேன். "இருக்கட்டும். பேய் படிச்சாலும் பரவால்ல" என்றார். மூன்று மாதத்தில் அவர் ஏற்றி வைத்திருந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாமல் போனது.

அவருடைய ஆய்வுத் தலைப்பு முன்பே பதிவானது: பார்வையற்ற தமிழ் மாணவர்களும் ஆசிரியர்களும் எப்படிப் படிக்கிறார்கள், கணினி வந்த பிறகு அவர்கள் வீட்டிலும் தெருவிலும் என்ன மாறியது. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி என்றும், தமிழ்நாட்டில் 11 லட்சத்துக்கு மேல் என்றும் பதிவானது. கூட்டங்களில் அந்த எண்ணோடு பேச்சைத் தொடங்குவார்கள். அக்காவின் கேள்விகள் எண்ணிலிருந்து தொடங்கவில்லை. 2010 முதல் இரண்டு வருஷம் விடுமுறைக்கு விடுமுறை திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று போனோம். கையடக்கப் பதிவுக்கருவி என் பையில் இருக்கும். எல்லாரிடமும் அவர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்:

"உங்களுக்குப் படிச்சுக் காட்டினவங்க எதையெல்லாம் விட்டுட்டாங்க?"

முதலில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அப்படியெல்லாம் இல்லை, நன்றாகத்தான் படிப்பார்கள் என்பார்கள். காபி வரும். காபி முடிவதற்குள் ஒவ்வொன்றாக வெளியே வரும். மதுரைப் பக்கம் ஒரு தமிழாசிரியருக்கு மகள்தான் ரீடர். மகளுக்குப் பதினாலு வயதாகி, பரீட்சை அதிகமானதும் பக்கங்கள் குறைந்தன. இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டும் சத்தம் அவருக்குக் கேட்கும். கேட்டும் கேளாதவர்போல இருந்துவிடுவார். பிள்ளையிடம் எத்தனைதான் கேட்பது என்றார். திருச்சியில் ஒரு பெண்ணுக்குத் தங்கைதான் எல்லாம். தங்கைக்குக் கல்யாணம் ஆன தேதியோடு அவள் படிப்பும் நின்றது. கல்யாணத்துக்கு நாள் குறித்தபோதே தெரியும் என்றாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் தன் படிப்பை நினைத்து அழுததற்காக இன்னும் வெட்கப்படுவதாகச் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கேள்வித்தாளில் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

பாளையங்கோட்டையில் பெரியவர் ஒருவர், டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முப்பது வருஷம் அவருக்குப் பேப்பர் படித்தார். மனைவி போன பிறகு மகன் வீட்டுக் கணினியில் என்.வி.டி.ஏ. போட்டுக் கொடுத்தார். "அவ எல்லாம் படிப்பா, எங்கூட வேலை பாத்தவங்க இறந்த சேதியை மட்டும் படிக்க மாட்டா. இந்தப் பெட்டி வந்த பொறவுதான் ஒவ்வொருத்தனாப் போனது தெரியுது. சின்னச்சாமி மூணு வருஷம் முன்னாலயே போயிட்டானாம். நான் அவன் என்னை வந்து பாக்கலைன்னு மனத்தாங்கலா இருந்தேன்." இதைச் சொல்லும்போது மனைவி மேல் அவருக்குக் கோபம் இல்லை. சின்னச்சாமியிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாத தவிப்புதான் இருந்தது.

படித்துக் காட்டியவர்களையும் பேட்டி காண வேண்டும் என்று அக்கா முடிவு செய்தபோது, முதல் ஆள் நான். திருநெல்வேலியிலிருந்து திரும்பும் ரயிலில், விழுப்புரம் தாண்டி விடியும் நேரம். கருவியை என் பையிலிருந்து வாங்கி அவரே இயக்கினார்.

"நீ என்னத்தை விட்டே?"

எட்டு வருஷம் கழித்து அந்த இன்லண்டு லெட்டரைப் பற்றிச் சொன்னேன். எந்த மடிப்பு, எந்த வரி, அப்பா சொன்னதாக அண்ணன் எழுதியது என்ன, எல்லாம் வரி பிசகாமல் நினைவிருந்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் கருவியை நிறுத்தினார்.

"தெரியும் தம்பி. நான் எந்தக் கடுதாசியையும் ரெண்டு பேருட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுவேன். அன்னைக்குச் சாயங்காலமே விடுதில ஒரு பிள்ளை படிச்சுக் காட்டிட்டு."

எனக்குப் பேச வரவில்லை. எட்டு வருஷம் அவர் என்னிடமே படிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் இன்னொருவரிடமும் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்பாக இருப்பவர்களைத்தான் அதிகம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது: "மிஷின் தப்புத் தப்பாப் படிக்கும். அதுக்கு என்மேல பாவம் பாக்கத் தெரியாது. எனக்கு அது போதும்." பிறகு கருவியை மறுபடி இயக்கி, அடுத்த கேள்வியைக் கேட்டார்.

அந்தத் 'தப்புத் தப்பா' என்பதைத்தான் அதன் பிறகு நாங்கள் பிடித்துக்கொண்டோம். ஆய்வேடு 2013இல் ஏற்கப்பட்டது. அதன் பெரிய முடிவுகளைவிட, கடைசியில் பின்னிணைப்பாக அவர் சேர்த்த எட்டுப் பக்கப் பட்டியல்தான் பலருக்கும் பயன்பட்டது. பார்ப்பவர் கண்ணுக்குச் சரியாகவும் கேட்பவர் காதுக்குத் தப்பாகவும் இருக்கும் தமிழ்.

'மௌனம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மகரத்தோடு ஔகாரக் குறி ஒன்றைச் சேர்த்தால் மௌனம். ஆனால் நம்மில் பாதிப்பேர் 'மெ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்து, 'னம்' போட்டுவிடுகிறோம்: மெளனம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எந்திரம் மட்டும் உள்ளதை உள்ளபடி 'மெ-ள-னம்' என்று படிக்கும். கௌரவம் கெ-ள-ரவம் ஆகும். கைப்பேசியில் 'எ' அடிப்பதற்குப் பதிலாக அதே தோற்றமுள்ள தமிழ் எண் ஏழை அடித்துவிடுகிறார்கள்: ௭ன் அம்மா. சில குரல்கள் அதை 'ஏழு ன் அம்மா' என்று படிக்கும், சில அந்த எழுத்தையே விழுங்கிவிடும். பழைய புத்தகத்தை வருடியெடுத்து எழுத்துணரிக்குக் கொடுத்தால் காலை ரகரம் என்று நினைத்துக்கொண்டு 'காலம்' என்பதைக் 'கரலம்' ஆக்கிவைக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வகம் தமிழ் எழுத்துணரிக்கும் தமிழ்ப் பேச்சுப்பொறிக்கும் பல வருஷம் உழைத்திருக்கிறது. எந்திரம் நன்றாகத்தான் தேறிக்கொண்டு வருகிறது. எழுதுகிறவர் கைதான் தேறவில்லை.

நான் பிழைதிருத்துபவன். பத்து வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒற்றுப்பிழை பார்த்தவன். இந்தப் பட்டியலில் இருந்த ஒரு பிழைகூட என் கண்ணில் அதுவரை பட்டதில்லை. படவும் முடியாது.

2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்தில் நூல்களை மாற்றிக்கொள்ள அனுமதி வந்தது. அடுத்த வருஷம் மராகேஷ் நகரத்தில் நாடுகள் கூடி இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் செய்தன; அதை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா, 2014இல். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. அந்தத் திருத்தத்தின் தைரியத்தில்தான் அக்கா கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் புத்தகம் புத்தகமாக வருடி, பிழை நீக்கி, பார்வையற்ற மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். வரும் பிள்ளைகளுக்கு அவர் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது. திரையை அணைத்துவிட்டு, தான் திருத்திய பக்கத்தைத் தானே காதால் படிக்க வேண்டும்.

2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. 'ஊனமுற்றோர்' என்ற சொல் போய் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசு வழக்கில் நிலைத்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். 2016இல் வந்த உரிமைகள் சட்டம், முந்தைய சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது; தகவல்கள் எல்லாருக்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படிச் சொல்லும் சட்டத்தை ஒட்டி ஓர் அலுவலகத்திலிருந்து அக்காவுக்கு வந்த சுற்றறிக்கை, காகிதத்தில் அச்சடித்து, முத்திரை குத்தி, கோணலாகப் படம் எடுத்த கோப்பாக இருந்தது. திறந்தால் எந்திரம் "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. "பேரை மாத்தினது நல்லதுதான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மாத்தின பேருல எனக்கு எழுதுறதை நான் படிக்கிற மாதிரி எழுதணும்லா?" என்று கேட்டு அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். யூனிகோடில், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல்.

2018 ஐப்பசியில் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். எங்கள் சனிக்கிழமைப் புத்தகங்களைப் படித்துத் தேர்வெழுதி ஆசிரியரான ஒருவரின் ஊர். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் டீக்கடைக்குக் கூட்டிப்போனார். பெஞ்சில் ஏழெட்டுப் பெரியவர்கள் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கைப்பேசியைக் கண்ணாடித் தம்ளர் ஒன்றுக்குள் நிறுத்தினார். சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். செய்தித்தாளின் தளத்தைத் திறந்து விரலால் தள்ளத் தள்ள, பெண்குரல் ஒன்று நிறுத்தி நிதானமாகத் தமிழ்ச் செய்தி படித்தது. அவர் தனக்கு வைக்கும் வேகம் வேறு. இது ஊருக்கு வைத்த வேகம். பெரியவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். மீதிப்பேருக்குக் கண்ணில் புரை. "அந்த ரேஷன் சேதியை இன்னொருக்கச் சொல்லச் சொல்லுங்க சார்" என்றார் ஒருவர். சார் விரலைப் பின்னால் இழுத்தார்.

அக்கா தம்ளரைத் தடவிப் பார்த்தார். டீ குடித்த தம்ளர், இன்னும் சூடாக இருந்தது. "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். ஒரு வருஷமாக, என்றார் கடைக்காரர்; சார் வெளியூர் போனால் அன்றைக்குப் பெஞ்சு காலிதான். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா அந்தத் தம்ளரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஆய்வேட்டில் இருக்கிற முந்நூறு பக்கத்தில் இதற்கு இடமில்லாமல் போயிற்றே என்றார். ஊரார்தான் பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டே அத்தனை கேள்வியையும் தயாரித்திருக்கிறேன், திருப்பிக் கேட்கத் தோன்றவே இல்லை என்று மனம் நொந்தார். நான் ஆறுதல் சொல்லவில்லை. எதையும் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.

நான் அவருக்குக் கேசட்டில் படித்துப் பல வருஷமாகிறது. அந்தக் கேசட்டுகள் மூன்று அட்டைப்பெட்டி நிறைய அவரிடம் இருக்கின்றன. ஓடவிட எந்திரம் இல்லை. கடிதம் என்று அவருக்கு இப்போது கையால் எழுதுபவர் யாரும் இல்லை. அப்பா இறக்கும்வரை மாதாமாதம் அக்காதான் பணம் அனுப்பினார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அவருக்கு அனுப்பினேன். இன்லண்டு லெட்டர் பற்றி எழுதலாமா என்று கேட்கத்தான். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

"எழுது. அந்த வரியை மட்டும் மாத்தாதே. அண்ணன் எழுதினபடியே இருக்கட்டும்."

"சரிக்கா."

"இன்னொண்ணு. ரயில்ல வார இடத்துல, நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சிருந்தேன்னு சொல்லுதேல்லா. அங்க ஒரு மௌனம் போட்டிருக்கே. அதை உடைச்சுப் போட்டிருக்கே."

கணினியைத் திறந்து அந்த வரிக்குப் போனேன். என் கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தது. குறியை அந்தச் சொல்லுக்குள் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் அழித்துக்கொண்டு போனேன்; 'ள' தனியாகக் கழன்று வந்தது. எழுத்தைச் சேர்த்து மறுபடி அடித்தேன். பிறகு அந்தச் சொல்லே வேண்டாம் என்று பட்டது. அழித்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தார் என்று மட்டும் எழுதினேன்.

"இப்போ அனுப்பு, படிச்சுப் பாக்கேன்" என்றார் அக்கா. "முழுசா."